வீட்டுச் சேகரிப்பொன்றில் பொம்மைச் சிப்பாய்களைப் பார்ப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டின் இரண்டு மூன்று அறைகளில் ஆயிரக்கணக்கான பொம்மைச் சிப்பாய்கள் அடுக்கியிருக்கும். டிக்கட் கிடையாது, விளக்க அட்டை கிடையாது, பொருளுக்கும் உங்களுக்கும் நடுவே கயிறும் கட்டியிருக்காது. கண்ணாடிக் கதவைத் திறந்து சொந்தக்காரர் ஒன்றை உங்கள் கையிலேயே தருவார். நூதனசாலையில் கிடைக்காத வாய்ப்பு அது. புதிதாக வருகிறவர்கள் அதைத் தவறவிடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: ஆயத்தமில்லாமல் வருவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது. கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தியதை நம்பித்தான் இருக்கிறது.

1. முதல் அழைப்பிலேயே சொல்லவேண்டியவை

சொந்தக்காரரை நேரடியாகத் தெரியாவிட்டால், அவரைத் தெரிந்த ஒருவர் மூலம் போங்கள். தெரியாத இலக்கத்திலிருந்து "உங்கட பொம்மைகளப் பார்க்கலாமா?" என்று கேட்டால், வாங்கி விற்கிறவர் என்றோ, வீட்டை நோட்டம் பார்க்கிறவர் என்றோ அவர் நினைப்பது இயல்பு.

எத்தனை பேர், என்ன வயது, எதற்காக வருகிறீர்கள், எவ்வளவு நேரம். இந்த நான்கும் முதல் செய்தியிலேயே இருக்கவேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம் ஐயா. நாங்கள் நான்கு பேர், எல்லாரும் பெரிய ஆட்கள். பழைய ஈயச் சிப்பாய்கள் எப்படி வார்க்கப்பட்டன என்று பார்த்துப் படிக்க விருப்பம். காலையில் இரண்டு மணித்தியாலம் போதும். உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் வருகிறோம். வாங்கும் நோக்கம் இல்லை."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். ஐயா, சேர், அண்ணா, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கமென்றால் காக்கா என்று, அறிமுகம் செய்தவர் அவரை எப்படி அழைக்கிறாரோ அப்படியே நீங்களும் அழைக்கலாம். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டாம்.

ஒரு தடவைக்கு நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள். வீட்டு அறையில் அலுமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலம்தான் இருக்கும். ஐந்தாவது ஆள் வந்தால் யாரோ ஒருவரின் முழங்கை கண்ணாடியில் படும். பொருளை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். பழைய பொம்மைகள் ஈயம், பூச்சிலும் ஈயம் இருக்கலாம்.

கூட வருகிறவர்களிடமும் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லவேண்டும். சீருடையையும் துவக்கையும் கண்டால் மனம் கலங்குகிறவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அறைக்குள் வந்தபிறகு அது தெரியவந்தால் அவருக்கும் கஷ்டம், வீட்டுக்காரருக்கும் சங்கடம். எந்தக் காலத்துப் படைகள் எந்த அறையில் இருக்கின்றன என்று கேட்டு வைத்துக்கொண்டு குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். விறாந்தையில் இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும்.

2. மாதமும் நேரமும்

கார்த்திகை, மார்கழி, தை வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் பாதையில் வெள்ளம் நிற்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஈரம். அந்த மாதங்களில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக அலுமாரியை இரண்டு மணித்தியாலம் திறந்து வைத்தால், உள்ளே போட்டிருக்கும் சிலிக்கா ஜெல் பைகள் அன்றே நிறைந்துவிடும். நல்ல சேகரிப்பாளர்கள் மழைக்காலத்தில் கதவைத் திறப்பதே இல்லை.

மாசி முடிந்து ஆவணி வரை நல்ல காலம். கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் தூசி வரும் என்பதால் யன்னல்களைப் பூட்டிவைக்கச் சொல்வார்கள், புழுக்கமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் காலை 9 மணி முதல் 11 மணி வரை. பின்னேரம் கடற்காற்று எழும்பினால் உப்பும் ஈரமும் சேர்ந்து வரும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர வீடுகளில் இது முக்கியம். முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போகாதீர்கள். கிறிஸ்தவ வீடுகளுக்கு ஞாயிறு காலை வேண்டாம். ஊர்க் கோயில் திருவிழா நாட்களையும் கேட்டுவிடுங்கள்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கி.மீ. பஸ்ஸில் வந்தால் அரை மணித்தியாலம் முந்தியே இறங்கி, வியர்வை ஆறிய பிறகு படலையைத் தட்டுங்கள். வியர்த்த கையோடு ஈயத்தைத் தொடக்கூடாது.

3. போகுமுன் நான்கு பொருள்களைப் பிரித்தறியப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு வருகிறவர்கள்தான் அறைக்குள் "எல்லாம் ஒரே மாதிரித்தானே" என்று நிற்கிறார்கள். என்ன பொருளில் செய்தது என்று தெரிந்தால் வயது, அளவு, பிடிக்கும் முறை மூன்றும் அதிலிருந்தே வரும்.

தட்டைத் தகரப் பொம்மை. ஜெர்மனியின் நியூரம்பேர்க் மரபு இது. உயரம் 30 மி.மீ., தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவு. முன்னிருந்து பார்த்தால் முழு ஆள், பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு. ஹைன்ரிக்சன் நிறுவனம் 30 மி.மீ. என்பதை வழக்கமாக்கிய பிறகு மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள்.

உள்வெறுமை ஈயப் பொம்மை. லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 இல் இந்த முறையில் சிப்பாய்களைச் செய்யத் தொடங்கியது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே வெறுமை, அதனால் ஈயமும் மிச்சம், விலையும் குறைவு. தலையிலோ அடியிலோ சிறு துளை தெரியும். உயரம் 54 மி.மீ. பிரிட்டன்ஸ் 1966 இல் ஈயத்தை நிறுத்தியது. பிரான்சின் மினியோ நிறுவனத்துப் பொம்மைகள் போன்றவை உள் நிறைந்த ஈயம். அதே உயரத்திலும் கையில் பாரமாக இருக்கும்.

கூழ்ப் பொம்மை. ஜெர்மனியில் ஹௌசர் நிறுவனத்து எலாஸ்டோலின், இன்னொரு நிறுவனமான லினியோலின் பொம்மைகள் இரண்டும் பேர்போனவை. மரத்தூள், பசை, களிமண் மா சேர்த்த கூழைக் கம்பிச் சட்டத்தின் மேல் அழுத்திச் செய்தவை. பெரும்பாலும் 7 செ.மீ. உயரம். கரையோரக் காற்றுக்கு முதலில் பலியாவது இவைதான். காரணம் 9ஆம் பகுதியில் வருகிறது.

பிளாஸ்டிக். ஏர்ஃபிக்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் 1959 இலிருந்து விட்ட சின்னச் சிப்பாய்கள் ஏறத்தாழ 72இல் ஒரு பங்கு அளவு, இரண்டரை செ.மீ. வரை வரும். பிரிட்டன்ஸின் டீடெயில் வகை 1971 இலிருந்து வந்தது. ஆள் பிளாஸ்டிக், அடித்தட்டு உலோகம். அந்த அடித்தட்டைக் கண்டாலே வகை தெரிந்துவிடும்.

30, 54, 70 மி.மீ. உயரங்களை ஒரு தாளில் கோடாக வரைந்து ஒரு கிழமை மேசையில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு அளவு பழகிவிடும்.

4. பையில் என்ன

சிறிய எல்.ஈ.டி. ரோச் ஒன்று. கரண்ட் போகலாம், போகாவிட்டாலும் தேவைப்படும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை. 15 செ.மீ. பிளாஸ்டிக் அடிமட்டம், உலோக அடிமட்டம் பூச்சைக் கீறும். பென்சிலும் கொப்பியும், பேனை வேண்டாம், மை ஒரு துளி பட்டால் பழைய பூச்சிலிருந்து எடுக்க முடியாது. மடித்து விரிக்க ஒரு பருத்தித் துவாய், கை துடைக்க இன்னொன்று. வெள்ளைக் கடதாசி இரண்டு.

கையுறை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம். அதன் நூல் துவக்கு முனையிலும் வாள் நுனியிலும் கொழுவிக்கொள்ளும், விரலுக்குத் தொடு உணர்வும் இருக்காது. நைட்ரைல் கையுறை நல்லது, அதுவும் கைக்கு இறுக்கமான அளவு. அது இல்லையென்றால் கழுவி நன்றாக உலர்த்திய வெறுங்கை போதும். கர்ப்பிணிகள் ஈயப் பொம்மைகளைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்கட்டும்.

இனிப்பு கொண்டுபோவது நம் வழக்கம். அதை விறாந்தையிலேயே கொடுத்துவிடுங்கள். அறைக்குள் ஒரு துணுக்கு விழுந்தால் எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் பெட்டி அட்டையைத் தின்னும் பூச்சிகளும் வரும். இன்னும் பிரயோசனமானதைக் கொடுக்க விரும்பினால் சிலிக்கா ஜெல் ஒரு கிலோ வாங்கிக் கொடுங்கள். உண்மையாகவே சந்தோசப்படுவார்.

5. வாசலில்

செருப்பு, பை, நனைந்த குடை மூன்றும் வெளியே. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, முழுதாக உலரும்வரை நில்லுங்கள்.

மோதிரம், காப்பு, மணிக்கூடு, தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கழற்றிப் பைக்குள். சேலை முந்தானையை இடுப்பில் செருகுங்கள். ஷோல் போட்டிருந்தால் ஊசி குத்துங்கள். அபாயாவின் அகன்ற கையை மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டியால் பிடித்துவிடலாம். முழுக்கைச் சேர்ட்டை முழங்கை வரை மடியுங்கள். திறந்த தட்டில் துணி ஒரு பொம்மையில் பட்டால் அது விழுவதோடு நிற்காது. அணிவகுப்பாக வைத்திருப்பதால் வரிசையே சரியும்.

ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். தட்டைத் தகரப் பொம்மைகள் ஃபேன் காற்றுக்கே விழுந்துவிடும். கதவைத் திறக்குமுன் ஃபேனை நிறுத்தலாமா என்று நீங்களே கேளுங்கள். விருந்தாளிக்குப் புழுங்குமே என்று வீட்டுக்காரர் தானாக நிறுத்த மாட்டார்.

6. முதல் சுற்று: எங்கும் நிற்காமல்

அறைகள் முழுவதையும் பத்து நிமிடத்தில் ஒரு தடவை நடந்து பாருங்கள். எதையும் தொடாமல், படம் எடுக்காமல், கேள்வி கேட்காமல். கொப்பியில் அறையின் வரைபடத்தைக் கோடாகப் போட்டு, அலுமாரிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் கொடுங்கள்.

இந்தச் சுற்றைச் செய்யாதவர்களுக்கு நடப்பது எப்போதும் ஒன்றுதான். வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் ஒரு மணித்தியாலம் போய்விடும். அங்கே இருப்பது பெரும்பாலும் பெரிய, பளபளப்பான, கண்ணைக் கவரும் அண்மைக்காலப் பொருள்கள். பழையதும் அரியதும் வெளிச்சம் குறைந்த உள்ளறையிலும் லாச்சிகளிலும் இருக்கும், வெயில் படக்கூடாது என்பதற்காக. அவற்றுக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் மிஞ்சும்.

7. ஒரே ஒரு தட்டு

சுற்று முடிந்ததும் ஒரே ஒரு தட்டைக் கேளுங்கள். அன்றைய வருகை அதற்குத்தான். ஒரு தட்டில் அறுபது எழுபது பொம்மைகள் இருக்கலாம். ஒரு மணித்தியாலத்தில் அதையே சரியாகப் பார்த்து முடிக்க முடியாது.

எதைத் தெரிவது என்று தெரியாவிட்டால் இந்தியப் படைகளைக் கேளுங்கள். பிரிட்டன்ஸ் வங்காள, பம்பாய்க் குதிரைப்படைகளையும் மதராஸ் காலாட்படையையும் தலைப்பாகையோடு வார்த்தது. தலைப்பாகைக் கட்டு, முகத்தின் நிறம், சீருடையின் வெட்டு என்று ஒப்பிடுவதற்கு நம் கண்ணுக்குப் பழக்கமான விடயங்கள் அதில் நிறைய உண்டு.

குந்தியிருந்தோ கதிரையில் இருந்தோ உங்கள் கண்ணைப் பொம்மையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து பார்த்தால் தொப்பிதான் தெரியும். ரோச்சை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் பூச்சு தட்டையாகிவிடும். பக்க வெளிச்சத்தில் தூரிகைக் கோடு, பிறகு பூசிய இடம், அச்சின் ஒட்டுக்கோடு எல்லாம் எழும்பி நிற்கும்.

8. கையில் எடுப்பது

நீங்களாக எடுக்கக்கூடாது. அவர் எடுத்து மேசையில் வைத்த பிறகு நீங்கள் எடுங்கள். கைக்குக் கை மாற்றும்போதுதான் விழுகிறது. இருவரில் ஒருவர் சற்று முந்தி விட்டுவிடுவார்.

மேசையில் துவாயை நான்காக மடித்து விரியுங்கள். அதற்கு மேல் பத்து செ.மீ. உயரத்துக்குள்ளேயே பொம்மை இருக்கட்டும். அடித்தட்டை இரண்டு விரலால் பிடித்து, மற்ற உள்ளங்கையைக் கீழே கொடுங்கள். தலை, துவக்கு, வாள், குதிரையின் கால் ஆகியவை பிடிக்கும் இடங்கள் அல்ல.

அசையும் கை உள்ள ஈயச் சிப்பாயின் கையை அசைத்துப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். அந்தக் கை தோளில் ஒரு சிறு முளையில் மாட்டியிருக்கிறது. பல பத்தாண்டுகளில் முளை தேய்ந்திருக்கும், ஒரு சுற்றில் கழன்று வரலாம். பழைய மென் பிளாஸ்டிக் இதைவிட மோசம். பார்வைக்கு வளையும் போலிருக்கும் துவக்கு, வெயிலில் கிடந்து நொய்ந்திருந்தால் தொட்டதும் முறியும், கணுக்காலும் அப்படித்தான்.

9. அடியை வாசிப்பதும் நோயை அறிவதும்

பொம்மையைத் துவாயில் மெதுவாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். பிரிட்டன்ஸ் ஈயப் பொம்மைகளில் பழையவற்றுக்கு வட்டமான அல்லது நீள்வட்டமான அடித்தட்டு, பிந்தியவற்றுக்குச் சதுரம். சிலவற்றில் கடதாசி ஒட்டி, சிலவற்றில் பொறித்த எழுத்து.

இங்கேதான் புதியவர்களின் மிகப் பொதுவான பிழை நடக்கிறது. அடியில் 1901 போன்ற ஒரு திகதி பொறித்திருந்தால் அது செய்த ஆண்டு என்று எழுதிவிடுகிறார்கள். அது அந்த வடிவத்தின் உரிமையைப் பதிந்த திகதி. அதே அச்சில் பல வருடங்கள் வார்த்திருப்பார்கள். "1901க்குப் பின்" என்று மட்டும் குறியுங்கள்.

கழுத்தைக் கைவில்லையால் பாருங்கள். தலை சற்றே சாய்ந்து, கழுத்துப்பட்டிக்கு மேல் மெல்லிய கோடு தெரிந்தால் முறிந்த தலையை ஒட்டியிருக்கிறார்கள். வெறுமையான கழுத்துக்குள் தீக்குச்சித் துண்டை வைத்து ஒட்டுவது பழைய வழக்கம். தலையைத் திருப்பிப் பார்த்து உறுதிசெய்யப் போகாதீர்கள். முகத்து மூக்கு, பொத்தான், இடுப்புவார் எல்லாம் மழுங்கி இருந்தால் பழைய பொம்மையை அச்சாக்கி மறுபடி வார்த்ததாக இருக்கலாம். அசலின் பக்கத்தில் வைத்தால் மறுவார்ப்பு ஒரு மயிரிழை கட்டையாகவும் இருக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால்.

ஈயத்தில் வெள்ளை அல்லது சாம்பல் மா பூத்திருந்தால் அது ஈய நோய். மரம், அமில அட்டை, புதுப் பூச்சு ஆகியவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து ஈயத்தை அரிப்பதால் வருவது. ஊதாதீர்கள், தட்டாதீர்கள், விரலால் துடைக்காதீர்கள். அந்த மா நஞ்சு. தட்டின் இடத்தைக் குறித்து, சொந்தக்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் சொன்னால் அவர் பராமரிப்பைக் குறை சொன்னது போலாகிவிடும்.

கூழ்ப் பொம்மையில் கால் வீங்கி, நீளவாக்கில் வெடிப்பு, வெடிப்பில் கபில நிறக் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் எடுக்கும், கூழ் வெடிக்காமல் என்ன செய்யும்? மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வீடுகளில் இந்த வகையைக் காப்பாற்றி வைத்திருப்பவரை மனதாரப் பாராட்டுங்கள். அப்படிப்பட்ட பொம்மையைக் கையில் கேட்க வேண்டாம்.

10. படமும் குறிப்பும்

படம் எடுக்கலாமா, எடுத்தால் போடலாமா என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் கேளுங்கள். போனில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். வீட்டின் முகப்பு, படலை, யன்னல், பூட்டு எதுவும் படத்தில் வரக்கூடாது. பெறுமதியான சேகரிப்பு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுத்தான் விழும். போனின் வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் எதிரொளி போய்விடும். மேசையில் எடுக்கும்போது பின்னால் வெள்ளைக் கடதாசியை வளைத்து நிறுத்தி, அடிமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன், பின், அடி என்று மூன்று படம்.

குறிப்பை "ஆ அலுமாரி, மேலிருந்து 2ஆம் தட்டு, இடமிருந்து 7" என்ற மாதிரி எழுதுங்கள். "சிவப்புச் சட்டைக்காரன்" என்று எழுதினால் வீட்டுக்குப் போனதும் எந்தச் சிவப்புச் சட்டை என்று தெரியாது.

விலை கேட்காதீர்கள். அவராகவே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள்.

11. புறப்படுமுன்

எடுத்தவற்றை எடுத்த இடத்தில் அவரே வைக்கட்டும். நீங்கள் குறிப்பைப் பார்த்து இடத்தைச் சொல்லுங்கள், எண்ணிக்கை சரியா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். துவாயை உதறாமல் உள்பக்கமாக மடித்துப் பைக்குள் வையுங்கள். உதிர்ந்த பூச்சோ சிறு துண்டோ இருந்தால் அவரிடமே கொடுங்கள், ஒட்டுவதற்கு உதவும்.

தேத்தண்ணி வரும். அதற்கு முன் மறுபடி சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், நகத்தின் அடியிலும். ஈயம் தோலால் போவது மிகக் குறைவு, கைவழியாக வாய்க்குள் போவதுதான் ஆபத்து. தேத்தண்ணியை விறாந்தையில் குடியுங்கள்.

ஒரு கிழமைக்குள் படங்களையும், தட்டு வாரியாக எழுதிய பட்டியலையும் அவருக்கு அனுப்புங்கள். பலரிடம் இப்படியொரு பட்டியல் இருக்காது. அதே செய்தியில், முதல் சுற்றில் நீங்கள் குறித்துவைத்த இரண்டாவது தட்டின் பெயரைச் சொல்லி, மழை தொடங்குமுன் வரலாமா என்று கேளுங்கள்.